கழுவிக் கவிழ்க்கும் வரை

எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் அந்தக் குடும்பத்தின் பழைய ஆசைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ரொட்டி மேக்கர், ஜூஸர், சாண்ட்விச் டோஸ்டர், கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பா. எல்லாம் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே தெர்மாகோல் சகிதம் இருக்கும். கீழே அடுப்பு மேடையில் நிற்பவையோ ஐந்தாறுதான். குக்கர், மிக்ஸி, கிரைண்டர், தோசைக்கல், ஒரு கத்தி, ஒரு துருவி, அவ்வளவே. இத்தனைக்கும் பரணில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பழுதானவை அல்ல. சுவிட்சைப் போட்டால் இன்றைக்கும் ஓடும்.

பின் ஏன் மேலே போயின? பொருட்காட்சி ஸ்டாலில் காய் நறுக்கும் கருவியை விற்பவரைக் கவனியுங்கள். கேரட்டைப் பூவாகவும் கம்பியாகவும் கண்மூடித் திறப்பதற்குள் வெட்டிக் குவிப்பார். அந்தக் கருவியைக் கழுவிக் காட்டுகிற விற்பனையாளரை நான் பார்த்ததில்லை. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்காக ஜூஸரைப் பிரித்து, சல்லடைக் கண்களில் சிக்கிய நாரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தவருக்கு, மறுநாள் கையால் பிழிந்துகொள்வதே மேல் என்று தோன்றிவிடும். ஆகவே சமையல் கருவியை எடைபோட எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். இருக்குமிடத்திலிருந்து எடுப்பதில் தொடங்கி, கழுவிக் கவிழ்த்து வைப்பது வரை முழு நேரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டலுக்குப் பிறகும் லாபம் காட்டுகிற கருவிகள் எவை என்பதே இந்தக் கட்டுரை.

அதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்றொரு நூல் எழுதினார். வீட்டுச் சாதனங்கள் உடல் பாட்டைக் குறைத்தன. ஆனால் அம்மாவின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்பது அவர் வாதம். விறகு வெட்டிய ஆண்களுக்கும் கூடமாட உதவிய பிள்ளைகளுக்கும் வேலை இல்லாமல் போனது. அதே சமயம் சாப்பாட்டிலும் சுத்தத்திலும் எதிர்பார்ப்புகள் உயர்ந்தன. இதற்கு நம் ஊர்ச் சாட்சி இட்லி. ஆட்டுக்கல் காலத்தில் பல கிராமங்களில் அது தீபாவளிப் பலகாரம். கிரைண்டர் வந்த பிறகு அது தினசரி டிபன்.

கோவை கொடுத்த கொடை

கிரைண்டரிலிருந்தே தொடங்குவோம். ஆட்டுக்கல்லில் குழவியைப் பிடித்துச் சுற்ற வேண்டிய வேலையை மோட்டாரிடம் ஒப்படைக்கும் யோசனைக்கு 1955-ல் கோயம்புத்தூரில் உருக்கொடுத்தவர் பி.சபாபதி. கையால் ஆட்டும்போது குழி நிற்கும், குழவி சுற்றும். இங்கே பாத்திரம் சுற்றுகிறது, கல் அதனுள் உருளுகிறது. பிறகு சாய்த்து மாவெடுக்கும் டில்டிங் கிரைண்டரும், மேடைமேல் அடங்கும் டேபிள் டாப்பும் வந்தன. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, குடிசை வீடுகளுக்கும் ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை கிடைத்தது. அந்தத் திட்டத்தை இலவசம் என்று கேலி பேசியவர்களில் எத்தனை பேர் ஒரு படி உளுந்தைக் கையால் ஆட்டியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது.

மிக்ஸியில் அரைத்தால் போதாதா என்று புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் கேட்பார்கள். போதும், ஆனால் வேறு மாதிரி வரும். மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று பருப்பை வெட்டுகிறது. அந்த வேகத்தில் மாவு சூடாகிறது. கிரைண்டர் கல் மெதுவாக உருண்டு பருப்பை நசுக்குகிறது. உளுந்து காற்றையும் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு பொங்கிப் பஞ்சாகிறது. இரவில் மாவைப் புளிக்கவைத்து உப்பச் செய்பவை லூக்கோநாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவை வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள உளுந்தின் கொழகொழப்பு வேண்டும். அரைக்கும்போதே மாவு சூடேறிவிட்டால் இரண்டும் கெடும். மிக்ஸியை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

கழுவும் கணக்கில் கிரைண்டர் கொஞ்சம் தோற்கும். கல்லைத் தூக்கி, ஒட்டிய மாவை வழித்து, பாத்திரத்தை அலசிக் கவிழ்ப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அதைச் சமன் செய்தது இன்னொரு சாதனம். புளித்த மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் பாக்டீரியாவின் வேகம் அடங்கிவிடுகிறது. ஒரு நாள் அரைத்து நாலைந்து நாள் ஊற்றலாம். காலை நேரத்தை மீட்டுக்கொடுத்தது இந்தக் கூட்டணிதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கிரைண்டருக்கு அரை மதிப்பெண்தான் கொடுப்பேன். தெருமுனையில் பாக்கெட் மாவு கிடைக்கும் இன்றைய நாளில், இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்குக் கிரைண்டர் அவசியமா என்பதும் யோசிக்க வேண்டியதே. வாங்குவதானால் தேங்காய்த் துருவியும் மாவு பிசையும் துடுப்பும் சேர்ந்து வருகிற மாடல்கள் உண்டு.

மிக்ஸியின் கதையில் ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் என்பவரிடம் ஒரு ஜெர்மானிய மிக்ஸர் இருந்தது. மில்க் ஷேக் கலக்கச் செய்த கருவி அது. மஞ்சளையும் மிளகாயையும் ஊறவைத்த பருப்பையும் எதிர்கொள்ளப் பிறந்ததல்ல, மோட்டார் எரிந்துவிட்டது. அவர் கணவர் எஸ்.பி.மாத்தூர் பொறியாளர். நம் சமையலின் முரட்டுத்தனத்தைத் தாங்கும் மோட்டாரோடு அவர் உருவாக்கியதுதான் 'சுமீத்'. ஒரு காலத்தில் கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலில் பிராண்டின் பெயரையே எழுதிக் கேட்டார்கள்.

மிக்ஸி பற்றி ஒரு சின்ன உபகாரம். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பளு கூடினால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானாக வெளியே குதித்துவிடும். மோட்டார் ஆறியதும் உள்ளே அழுத்தினால் ஓடத் தொடங்கும். மோட்டார் மட்டும் சுற்றி பிளேடு சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் ஜாருக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். மாற்றச் சில நிமிடம் போதும்.

விசிலை எண்ணாதீர்கள்

ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கைவைப்பது பிரஷர் குக்கரில். டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் இதன் முதல் வடிவத்தைச் செய்துகாட்டினார். அழுத்தம் எல்லை மீறினால் நீராவியை வெளியேற்றும் சேஃப்டி வால்வும் அவர் கண்டுபிடிப்புதான். எலும்பையே மெத்தென்று வேகவைத்த அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை, 1682-ல் ராயல் சொசைட்டி அறிஞர்கள் சாப்பிட்டுப் பார்த்தார்கள்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், சூடு கூடாது. குக்கரின் வெயிட், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் வரை ஆவியை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். இந்த இருபது டிகிரியில்தான் ஒரு மணி நேரப் பருப்பு கால் மணி நேரப் பருப்பாகிறது. ஊட்டியில் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகத் தெரியும். கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைய அந்தச் சூடு போதாது.

குக்கரை நாம் பயன்படுத்துவதில் ஒரே ஒரு மூடநம்பிக்கை உண்டு. அது விசில் எண்ணிக்கை. 'மூணு விசில் விடு' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறோம். பெரிய பர்னரில் வைத்த சிறிய குக்கர் விறுவிறுவென மூன்று விசில் அடிக்கும். சிம்மில் வைத்த பெரிய குக்கர் அதே மூன்றுக்கு அரை மணி எடுக்கும். விசில் என்பது அதிகப்படி ஆவி வெளியேறுகிற சத்தமே தவிர, வெந்ததன் அறிவிப்பு அல்ல. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து அங்கிருந்து நிமிடக் கணக்கு வைத்தால் பருப்பும் ஒரே பதத்தில் வரும், கேஸும் மிஞ்சும். ஊறிய துவரம்பருப்புக்கு ஏழெட்டு நிமிடம் போதும். பருப்பு வகையைக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து. துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மூடுவது நல்ல பழக்கம். காஸ்கெட் இறுகிப்போனால் உடனே மாற்றிவிட வேண்டும்.

குக்கரை நம்முடையதாக்கியது உள்ளே வைக்கும் அடுக்குப் பாத்திரங்கள்தான். கீழே பருப்பு, நடுவில் சாதம், மேலே காய். அடுப்பு ஒன்று, தீ ஒன்று, நேரம் ஒன்று. ஆவியில் அடுக்கிச் சமைக்கும் யோசனை பிரஷர் குக்கருக்கு முந்தியது. வங்காளத்தில் இந்துமாதவ் மல்லிக் 1910-ல் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தை உருவாக்கினார். நம் பக்கத்தில் பழைய தலைமுறைக்கு ருக்மணி குக்கர் நினைவிருக்கும்.

ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். தோஷிபா நிறுவனம் 1955-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ரைஸ் குக்கரைச் செய்தவர் யோஷிதாதா மினாமி. எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று விடாமல் சமைத்துப் பார்த்துக் குறித்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. அதன் தந்திரம் எளிமையானது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து சுவிட்ச் தானே விழும். விடுதி அறையில் தனியாகச் சமைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கழுவ வேண்டியதும் உள் பாத்திரம் ஒன்றுதான்.

கைக்கு அடங்குபவை

மின்சாரமில்லாத சின்னக் கருவிகளில்தான் பணம் வீணாவது அதிகம், லாபமும் அதிகம்.

கத்தி மொன்னையாக இருந்தால் விரல் வெட்டுப்படாது என்று நம்புகிறவர்கள் உண்டு. நேர் எதிர்தான் உண்மை. மொன்னைக் கத்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தில்தான் தக்காளித் தோலில் வழுக்கி விரலில் இறங்கும். ஆறு கத்தி கொண்ட செட்டுக்குப் பதில் நல்ல கத்தி ஒன்றும், அதைக் கூர்தீட்ட வழியும் போதும். சாணை பிடிப்பவர் இன்னும் தெருவுக்கு வருகிற ஊரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். அவர் வரும்வரை பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையத்தில் நாலு தீட்டு தீட்டினால் சமாளிக்கலாம். அரிவாள்மனையில் பழகியவர்களுக்குக் கத்தியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வாழைப்பூவும் பலாப்பழமும் அரிவாள்மனைக்கு அடங்குவதுபோல் வேறெதற்கும் அடங்குவதில்லை. முழங்கால் ஒத்துழைத்தால் சரி.

தோல் சீவும் பீலர் ஒன்றுக்குத் தனி வரலாறே உண்டு. சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதம். மெல்லிய உலோகப் பிடியுள்ள பீலரைப் பிடிக்க முடியாமல் அவர் திணறியதிலிருந்து பிறந்ததுதான், 1990-ல் வந்த தடித்த ரப்பர் பிடியுடைய 'ஆக்ஸோ' பீலர். வலியுள்ள கைக்காகச் செய்த பிடி எல்லாக் கைக்கும் சுகமாக இருந்தது. இப்போது உலகம் முழுக்க அந்தப் பாணியில் கருவிகள் கிடைக்கின்றன. மாதுரி, ஃபூமிகோ, பெட்ஸி என்று மூன்று கதையிலும் கஷ்டத்தை முதலில் அறிந்தது மனைவியின் கை. கடைப் பெட்டியில் பெயர்தான் வேறு.

முறுக்குப் பிழிவதிலும் கை வலிதான் தேர்வை முடிவு செய்யும். இரண்டு பிடியை அழுத்தும் அச்சில் வேகம் அதிகம். ஆனால் பாட்டம் பாட்டமாகத் தீபாவளி முறுக்கு பிழிந்தால் தோள்பட்டை இறங்கிவிடும். திருகும் பித்தளை அச்சு மெதுவானது, பலம் குறைவாகக் கேட்கும். யாழ்ப்பாணத்து இடியப்ப உரலும் இரு கையால் அழுத்துவதுதான். மாவைச் சூடாகக் குழைத்துப் பிழிவதால் அங்கே பாரம் கொஞ்சம் குறையும்.

ஈயச்சொம்பை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று நான் தயங்கியது உண்டு. வேலையை எளிதாக்கும் கருவி என்று அதைச் சொல்லவே முடியாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பு 100 டிகிரி அளவிலேயே நிற்கும். ரசமில்லாமல் அடுப்பில் ஏற்றினால் சொம்பு உருகி அடுப்பில் வழியும். காரீயம் கலந்ததை விற்று ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அது உடம்புக்கு நஞ்சு. ஆனாலும் அந்த ரச வாசனைக்காக இத்தனை காவலையும் ஏற்றுக்கொள்கிறவர்களோடு நான் வாதிடத் தயாரில்லை.

கேக்குக்குத் தராசு

வீட்டில் பேக்கிங் பழகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஓவன் வாங்குகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது தராசு. சில நூறு ரூபாய்க்கு ஒரு கிராம் துல்லியத்தில் டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. நம் சமையல் ஆழாக்கு, உழக்கு என்று கொள்ளளவில் நடந்தது. அரிசிக்கு அது சரி; எப்படி அள்ளினாலும் மணிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி படியும். மைதா அப்படியல்ல. சலித்துத் தூவி நிரப்பிய ஒரு கப் 120 கிராம் நிற்கும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் அதே கப் 150-ஐத் தொடும். கப்பின் அளவிலும் ஒற்றுமை கிடையாது, அமெரிக்கக் கப் 240 மில்லி என்றால் வேறு நாடுகளில் 250. பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் 1896-ல் வெளியிட்ட சமையல் நூல், கப்பைத் தலைதட்டி அளக்கும் முறையைப் பிரபலமாக்கியது. அன்றைய குத்துமதிப்புக்கு அது பெரிய முன்னேற்றம்தான். தராசு அதையும் தாண்டியது. கிண்ணத்தைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி மைதாவைக் கொட்டுங்கள். மறுபடி பூஜ்யமாக்கிச் சர்க்கரை. மறுபடி வெண்ணெய். கடைசியில் கழுவ ஒரு கிண்ணம் மட்டும். பிசுபிசுத்த கப்புகள், கரண்டிகள் எதுவும் சிங்க்கில் சேராது.

ஓடிஜி எனப்படும் சிறிய மின் ஓவனின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்ப வேண்டாம். சிறிய ஓவன்களில் இருபது முப்பது டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். உள்ளே மாட்டிவைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று, இரண்டு கருகிய கேக்கின் விலைக்குள் அடங்கும். மேல் கம்பி கேக்குக்கு அருகில் இருப்பதால் தலை சிவந்து நடு வேகாமல் நிற்பதும் ஓடிஜியின் குணம். தட்டைக் கீழ்ப் படிக்கு இறக்கினால் பாதிப் பிரச்னை தீரும். ஓவன் இல்லாமல் குக்கரில் உப்பையோ மணலையோ பரப்பிக் கேக் சுடும் வித்தை பலருக்குக் கைவந்திருக்கிறது; வெயிட்டையும் காஸ்கெட்டையும் எடுத்துவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் தண்ணீரில்லாமல் குக்கரைச் சூடேற்ற வேண்டாம் என்றே தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். பழைய குக்கர் ஒன்றை இதற்கென்று ஒதுக்குவது உத்தமம்.

குச்சிபோல் நீண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டரை மட்டும் பேக்கிங்கோடு நிறுத்திவிடாதீர்கள். பாகுப் பதம் பார்க்கத் தெரியாமல் மைசூர்பாகைத் தொடவே அஞ்சுகிறவர்களுக்கு அது பக்கத்தில் நிற்கும் பாட்டி. தண்ணீரில் விட்டால் உருட்டத் திரளும் பாகு 112-லிருந்து 116 டிகிரிக்குள் நிற்கும். பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 170-லிருந்து 180. பாலுக்கு உறை ஊற்ற 40 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் சரி. கை பழகியவர்களுக்கு இது தேவையில்லை என்பது உண்மை. பழகும்வரை வீணாகிற நெய்க்கும் சர்க்கரைக்கும் யார் கணக்குச் சொல்வது?

ஏர் ஃபிரையரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெயரில் பொரிப்பது இருந்தாலும் அது வேகமாக மின்விசிறி ஓடும் ஒரு சின்ன ஓவன். அப்பளம், உருளைக்கிழங்குத் துண்டு, பழைய சமோசாவை மொறுமொறுப்பாக்குவது எல்லாம் பிரமாதமாக வரும். மெதுவடை மாவை வைத்தால் கூடைக் கம்பிகளுக்கிடையே ஒழுகித் தொங்கும், அதைச் சுரண்டுவதற்குள் பத்து வடை எண்ணெயில் சுட்டிருக்கலாம். தீபாவளித் தள்ளுபடியில் இதை ஆசையாக வாங்கி வருகிற கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: வாங்கும் முன் வீட்டில் பாத்திரம் கழுவுவது யாரோ, அவரிடம் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அடுப்பு மேடையைக் கருவி என்று யாரும் நினைப்பதில்லை. ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1926-ல் சமையலறை வடிவமைத்த மார்கரெத்தே ஷூட்டே லிஹோட்ஸ்கி, வீட்டுப் பெண் எத்தனை அடி நடக்கிறாள், எங்கே குனிகிறாள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அலமாரியையும் மேடையையும் வைத்தார். நம் ஊரில் மேடையின் உயரத்தைப் பெரும்பாலும் கொத்தனார் தீர்மானிக்கிறார். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அதற்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் காய் நறுக்க வாகாக இருக்கும். சப்பாத்தி மாவு பிசைய இன்னும் தாழ்வாக வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் சமைக்கப் போகிறவரை நிற்கவைத்து அளந்து, டைல்ஸ் ஒட்டும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடலாம். வாடகை வீட்டில் மேடை உயரமாக இருந்தால் காலடியில் ஆடாத பலகை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தாழ்வாக இருந்தால் தடித்த வெட்டுப்பலகை வாங்கி, அது நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்துக்கொண்டால் போதும்.